ஈரம் ஒன்றுதான்

திருவண்ணாமலையில் ரமணர் இருந்த நாட்களில், ஆசிரமத்துச் சாப்பாட்டு வேளைக்கு ஒரு முறை இருந்தது. முதலில் நாய்களுக்குச் சோறு. பிறகு வாசலில் வந்து நிற்கும் ஏழைகளுக்கு. அதன் பிறகே அடியார்கள் பந்தியில் அமர்வார்கள். பையன்கள் சாப்பிட்டாயிற்றா என்று மகரிஷி விசாரித்தால், புதிதாக வந்த ஒருவர் அங்கே வளரும் சிறுவர்களைப் பற்றிக் கேட்கிறார் என்று நினைக்கக்கூடும். அவர் கேட்டது நாய்களைப் பற்றி. லட்சுமி என்ற பசு 1948 ஜூன் 18 அன்று உயிர் விடும் வேளையில், அவர் அருகில் உட்கார்ந்து அதன் தலையைத் தம் மடியில் ஏந்திக்கொண்டார். லட்சுமியின் சமாதி இன்றும் அங்கே இருக்கிறது. பக்கத்திலேயே ஒரு மானுக்கும், ஒரு காகத்துக்கும், ஒரு நாய்க்கும் சமாதிகள் இருக்கின்றன.

கருணை என்று ஒரு பெயர் சொல்லி, கைகூப்பிவிட்டு நகர்ந்துவிடலாம். நகராமல் சற்று உட்கார்ந்து பார்ப்போம். அடங்கிய மனத்துக்கு நாயிடம் காட்ட ஒரு முகம், குழந்தையிடம் காட்ட ஒரு முகம் என்று இரண்டு கிடையாது. பசி எங்கே தெரிகிறதோ அங்கே அது திரும்புகிறது. வலி எங்கே கேட்கிறதோ அங்கே அது நிற்கிறது. நம் மனத்திலோ ஒரு வரிசை இருக்கிறது. என் பிள்ளை, அண்ணன் பிள்ளை, அடுத்த வீட்டுப் பிள்ளை, வீட்டு வேலைக்கு வரும் அம்மாவின் பிள்ளை. அதற்கும் கீழே நம் வீட்டு நாய், தெரு நாய், பெயரில்லாத ஒரு பூனை. இந்த வரிசையில் இறங்க இறங்க நெஞ்சின் ஈரம் வற்றிக்கொண்டே போகிறது. வற்றுவது நமக்குத் தெரிவதும் இல்லை.

சின்னஞ்சிறு குழந்தைக்கு இந்த வரிசை இன்னும் வந்து சேரவில்லை. இரண்டு மூன்று வயதுப் பிள்ளை குனிந்து எறும்பைப் பார்க்கும், பார்த்துக்கொண்டே இருக்கும். அதே பிள்ளை அதை நசுக்கவும் செய்யும். குழந்தை பிறக்கும்போதே கருணையின் வடிவம் என்று சொல்வது மிகை. வால் கிடைத்தால் இழுக்கும், இறக்கை கிடைத்தால் பிய்க்கும். ஆனால் அந்தக் கையில் வெறுப்பு இல்லை. அறியும் ஆவல் மட்டுமே இருக்கிறது. அப்படி இழுக்கும்போதே ஒரு கணம் நிமிர்ந்து நம்மைப் பார்க்கும். வலிக்குமா என்று அந்தப் பார்வை கேட்கும். வலிக்கும் கண்ணா என்று மெல்லச் சொன்னால் கை தளர்ந்துவிடும். அதுக்கென்ன, நாய்தானே என்று சிரித்தால், அந்தச் சிரிப்பையும் குழந்தை வாங்கி வைத்துக்கொள்ளும்.

தெருவில் ஒருவர் நாயைக் கல்லால் அடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நம் கையைப் பிடித்து நடக்கும் பிள்ளை முதலில் நாயைப் பார்க்கிறது. அடுத்து நம்மைப் பார்க்கிறது. நாம் நிற்பதில்லை. பள்ளிக்கு நேரமாகிறது, வா என்று இழுத்துக்கொண்டு நடக்கிறோம். அந்தச் சில அடிகளில் பிள்ளை கற்றுக்கொள்வது கொடுமையை அல்ல. கேட்டும் கேளாமல் நடப்பதை. வலியில் ஓர் உயிர் கத்தினால் பெரியவர்கள் நிற்கமாட்டார்கள் என்பதை. நாளை அந்தப் பிள்ளைக்கே ஒன்று நேர்ந்தால், அது யாரிடம் வந்து சொல்லும்? சொன்னால் நிற்பார்கள் என்ற நம்பிக்கை அதற்கு எங்கிருந்து வரும்?

உலகத்துச் சட்டமொழி இந்த இடத்துக்கு வந்து சேர வெகு காலம் ஆயிற்று. குழந்தைகளின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கை 1989இல் பிறந்தது. இந்தியா 1992இல் அதை ஏற்றது. அந்த உடன்படிக்கையைக் கவனிக்கும் குழு 2023இல் தன் 26ஆவது பொதுக் கருத்துரையை வெளியிட்டது. சுற்றுச்சூழலையும் பருவநிலை மாற்றத்தையும் பற்றிய ஆவணம் அது. 121 நாடுகளின் குழந்தைகளிடமிருந்து அதற்காக 16,331 கருத்துகள் வந்து சேர்ந்திருந்தன. அதனுள்ளே, வீட்டுக்குள் நடக்கும் வன்முறையோடு சேர்த்து, விலங்குகள் மீது நிகழும் வன்முறையும் ஒரு குழந்தையின் கண்ணில் படாமல் காக்கப்பட வேண்டும் என்ற கருத்து இடம்பெற்றிருக்கிறது. அடிபடுவது நாய், காயப்படுவது பார்த்து நிற்கும் பிள்ளையும்தான். இதைப் பாட்டிமார் எந்த ஆவணமும் இல்லாமல் அறிந்திருந்தார்கள். கோழி அறுக்கும்போது பிள்ளைகளை உள்ளே போகச் சொன்ன வீடுகள் நம்மிடையே எத்தனையோ உண்டு.

இனி சற்றுத் தொலைவு போவோம், 1860களின் நியூயார்க்குக்கு. ஹென்றி பெர்க் என்பவர் கப்பல் கட்டும் செல்வக் குடும்பத்தில் பிறந்தவர். லிங்கன் காலத்தில் ரஷ்யாவிலிருந்த அமெரிக்கத் தூதரகத்துக்கு அனுப்பப்பட்டார். அங்கே வண்டிக்காரர்கள் குதிரைகளை அடிப்பதைக் கண்டு தாங்கமாட்டாமல் தடுக்கத் தொடங்கினார். ஊர் திரும்பியதும் 1866 ஏப்ரலில் விலங்குகள் மீதான கொடுமையைத் தடுக்கும் சங்கத்தை நிறுவினார். அமெரிக்காவில் அதுவே அவ்வகையில் முதலாவது. பிறகு தெருத்தெருவாக நடந்தார். அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றிய டிராம் வண்டியைக் குதிரைகள் இழுக்க முடியாமல் தவித்தால், வண்டியை நடுத்தெருவில் நிறுத்திவிடுவார். ஊர் அவரைப் பார்த்துச் சிரித்தது.

அவர் அங்கே சங்கம் தொடங்கியதற்கு அடுத்த ஆண்டில்தான், 1867 மே மாதம், வடலூரில் வள்ளலார் சத்திய தருமச்சாலையின் அடுப்பை மூட்டினார். ஒருவரை ஒருவர் அறிந்திருக்க வழியே இல்லை. ஒருவர் குதிரையின் முதுகைப் பார்த்து உருகினார். மற்றவர் வாடி நிற்கும் எந்த உயிரைக் கண்டும் உருகினார். ஒரே காலத்தில் உலகின் இரு கோடிகளில் ஒரே ஈரம் சுரந்திருக்கிறது என்று எண்ணிக்கொள்ள மனம் விரும்புகிறது. விரும்பட்டும், தவறில்லை.

1873ஆம் ஆண்டின் பிற்பகுதியில், நியூயார்க்கின் ஏழைக் குடியிருப்புகளில் தொண்டு செய்துவந்த எட்டா வீலர் என்ற பெண்மணிக்கு ஒரு செய்தி வந்தது. ஒரு வீட்டில் ஒரு சிறுமி நாள்தோறும் அடிபடுகிறாள். வெளியே விடப்படுவதே இல்லை. பெயர் மேரி எல்லன் வில்சன். தந்தை உள்நாட்டுப் போரில் இறந்துவிட்டார். தாயிடமிருந்து பிரிந்து, நகரத்தின் அறநிலையத்துக்குப் போய், அங்கிருந்து வளர்ப்பதற்கென்று ஒரு குடும்பத்திடம் ஒப்படைக்கப்பட்ட குழந்தை. ஒப்படைத்தவர்கள் பிறகு திரும்பிப் பார்க்கவில்லை. வீலர் பக்கத்து வீட்டில் நோயாளியைப் பார்க்கும் சாக்கில் போய், அந்தச் சிறுமியைக் கண்டார். கடுங்குளிரில் காலணி இல்லாமல், மெலிந்த உடலோடு, தன் உயரத்துக்கு மீறிய மேசையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். மேசைமேல் முறுக்கிய சாட்டை ஒன்று கிடந்தது.

வீலர் காவலர்களிடம் போனார். அறச்சங்கங்களிடம் போனார். அறிந்தவர்களிடமெல்லாம் போனார். குழந்தையை அடிப்பது குற்றமில்லை என்று யாரும் சொல்லவில்லை. சட்டம் இருந்தது. ஆனால் அந்தச் சட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஒரு வீட்டுக் கதவைத் தட்ட எவரும் இல்லை. பெற்றவர்களோ வளர்ப்பவர்களோ இருக்கும் வீட்டுக்குள் நாம் எப்படி நுழைவது என்று எல்லாரும் தயங்கினார்கள். கடைசியில் வீலரின் உறவுப் பெண் ஒருத்தி, குதிரைகளுக்காக நிற்கிறாரே அந்த பெர்க், அவரிடம் ஏன் போகவில்லை என்று கேட்டாள். போனார். பெர்க்கும் அவருடைய வழக்கறிஞர் எல்பிரிட்ஜ் கெரியும் சில நாட்களுக்குள் செயல்பட்டார்கள். 1874 ஏப்ரலில், ஒரு போர்வையில் சுற்றி, பத்து வயது மேரி எல்லனை நீதிமன்றத்துக்குத் தூக்கி வந்தார்கள். முகத்தில் கத்தரிக்கோல் பட்ட காயம் இருந்தது. யாரும் தன்னை முத்தமிட்டதாக நினைவில்லை என்று அவள் சொன்னாள்.

அந்தச் சிறுமியையும் ஒரு விலங்கு என்று வாதாடித்தான் விலங்குச் சட்டத்தால் மீட்டார்கள் என்று இந்தக் கதையை இன்றும் பலர் சொல்வதுண்டு. அது உண்மை அல்ல. அவள் குழந்தையாகவே மீட்கப்பட்டாள். பெர்க்கும் தம் சங்கத்தின் தலைவராக அல்ல, ஒரு குடிமகனாகவே வந்து நிற்கிறேன் என்று தெளிவாகச் சொன்னார். கதையாகச் சொல்வதைவிட உண்மை எனக்கு அழகாகத் தோன்றுகிறது. சட்டம் அங்கே பெரிய விஷயம் இல்லை. ஒரு மனிதரின் செவி பெரிய விஷயம். வாய் பேசாத குதிரையின் வலியைக் கேட்டுக் கேட்டு அந்தச் செவி பழகியிருந்தது. அதனால்தான் வாய் திறக்க அஞ்சிய ஒரு குழந்தையின் வலி அங்கே வந்து விழுந்தபோது, அதைக் கேட்க அவருக்கு எந்த ஆயத்தமும் தேவைப்படவில்லை.

கொடுமை செய்த பெண்ணுக்கு ஓராண்டுச் சிறை கிடைத்தது. அந்த ஆண்டு முடிவதற்குள், கெரியும் பெர்க்கும் முன்னிற்க, குழந்தைகள் மீதான கொடுமையைத் தடுக்கும் சங்கம் நியூயார்க்கில் உருவானது. உலகில் அப்படி ஒரு சங்கம் அதற்கு முன் இல்லை. மேரி எல்லன் வீலரின் குடும்பத்திலேயே வளர்ந்தாள், மணந்துகொண்டாள், தன் மகள்களில் ஒருத்திக்கு எட்டா என்று பெயர் வைத்தாள். ஓர் அநாதைப் பெண்குழந்தையையும் எடுத்து வளர்த்தாள். 1956இல், 92 வயதில் காலமானாள். இங்கிலாந்தின் கதையும் இதை ஒட்டியதுதான். லிவர்பூல் நகரில் நாய்களுக்கு ஒரு காப்பகம் வேண்டும் என்று பேசக் கூடிய கூட்டத்தில், அப்படியானால் குழந்தைகளுக்கும் ஒன்று வேண்டாமா என்ற குரல் எழுந்தது. 1883இல் அங்கே குழந்தைகளுக்கான சங்கம் பிறந்தது. 1889இல் அந்த நாடு தன் முதல் குழந்தைப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. நாய்களுக்காகக் கூடியவர்கள் குழந்தைகளை நினைத்துக்கொண்டார்கள். ஈரம் அப்படித்தான். ஓரிடத்தில் கசிந்தால் அங்கேயே நிற்பதில்லை.

இதற்கு மறுபுறமும் உண்டு. வற்றுவதும் ஓரிடத்தில் நிற்பதில்லை. லண்டனில் 1751இல் ஹோகார்த் என்ற ஓவியர் நான்கு அச்சுப்படங்களை வெளியிட்டார். டாம் நீரோ என்ற சிறுவன் முதல் படத்தில் ஒரு நாயை வதைக்கிறான். இரண்டாவதில் வளர்ந்து, வண்டிக்காரனாகி, விழுந்துவிட்ட குதிரையை அடிக்கிறான். மூன்றாவதில் ஒரு பெண்ணைக் கொல்கிறான். நான்காவதில் தூக்கில் தொங்கி, அவன் உடல் அறுவை மேசையில் கிடக்கிறது. படியிறங்குவதைப் போன்ற இந்த வரிசை அந்தக் காலத்து மனங்களை உலுக்கியது. ஜெர்மானியத் தத்துவஞானி காண்ட் தம் ஒழுக்கவியல் உரைகளில் இந்தப் படங்களைக் குறிப்பிடுகிறார். விலங்கிடம் கடுமையாக நடப்பவன் மனிதரிடமும் கடுமையாகிவிடுவான், ஆகவே பிள்ளைகளை அதிலிருந்து விலக்க வேண்டும் என்பது அவர் கருத்து. லைப்னிட்ஸ் என்ற அறிஞர் ஒரு சிறு புழுவை ஆராய்ந்து முடித்ததும் பத்திரமாக அதன் இலைமேலேயே திரும்ப வைத்தார் என்று நெகிழ்ந்து சொல்வதும் அதே காண்ட்தான்.

காண்ட் சொன்னதில் உண்மை இருக்கிறது. ஆனாலும் அங்கேயே நின்றுவிட மனம் வரவில்லை. விலங்கிடம் அன்பாக இருப்பது மனிதரிடம் அன்பாக இருப்பதற்கான ஒத்திகை என்று ஆகிவிட்டால், அந்த நாய் வெறும் பாடப்புத்தகம் ஆகிவிடுகிறது. பிள்ளைகள் இதைச் சட்டென்று மோப்பம் பிடித்துவிடுவார்கள். பூனைக்குப் பால் வைக்கச் சொல்வது பூனைக்காக அல்ல, தன்னை நல்ல பிள்ளையாக்க என்று தெரிந்துவிட்டால், பாலில் சுவை போய்விடுகிறது. வள்ளலார் வேறு வழியில் போனார். உயிர்கள் யாவும் ஒரே உரிமையுள்ள உறவுகள். ஓர் உயிர் வருந்தும்போது இன்னோர் உயிர் உருகுவது அந்த உறவினால்தான் என்றார். அங்கே பயன் பார்த்தல் இல்லை. உடன்பிறந்தவரின் காலில் முள் தைத்தால், இதனால் நமக்கு என்ன நற்பண்பு வளரும் என்று எண்ணிக்கொண்டா குனிகிறோம்?

ஹோகார்த்தின் முதல் படத்தில் இன்னொரு சிறு விவரம் இருக்கிறது. நாயை வதைக்கும் சிறுவனின் சட்டைத் தோளில் இரண்டு எழுத்துகள். செயின்ட் ஜைல்ஸ் திருச்சபை வட்டத்தின் தருமத்தில் வளரும் பிள்ளை என்பதற்கான அடையாளம் அது. கேட்பாரற்ற பிள்ளை. நாயைப் பார்த்துப் பதறுகிறோம், பையனைப் பார்த்துச் சினக்கிறோம்; அந்தத் தோளை யாரும் பார்ப்பதில்லை. அமெரிக்காவின் நியூஜெர்சியில், குழந்தைகள் வன்கொடுமைக்கு உள்ளான 53 குடும்பங்களை ஆராய்ந்து 1983இல் ஓர் ஆய்வு வெளியானது. உடல்ரீதியான கொடுமை நடந்த வீடுகளில் 88 சதவீத வீடுகளில் வளர்ப்பு விலங்குகளும் வதைபட்டிருந்தன. அங்கே அடிக்கும் கை பெரும்பாலும் பெரியவர்களுடையது. சில வேளைகளில் அந்தப் பிள்ளைகளுடையது. ஆகவே ஒரு பிள்ளை பூனையைத் துன்புறுத்துவதைக் கண்டால், இவன் நாளை கொலைகாரன் ஆவான் என்று நடுங்க வேண்டாம். படியிறங்குவது விதி அல்ல. இந்தப் பிள்ளைக்கு யார் என்ன செய்தார்கள் என்று மெதுவாகக் கேட்பதுதான் முதல் வேலை. பூனையையும் காப்பாற்றுவோம், பிள்ளையையும் மடியில் இருத்திக்கொள்வோம்.

நம் வீட்டுப் பழமொழி ஒன்று இங்கே நினைவுக்கு வருகிறது. அடியாத மாடு படியாது. மாட்டுக்காக இதைச் சொல்பவரை இன்று காண்பது அரிது. இது சொல்லப்படுவதெல்லாம் பிள்ளைகளைப் பற்றித்தான். பள்ளியில் விடும்போது, கண்ணை மட்டும் விட்டுட்டு மத்ததெல்லாம் உரிச்சிடுங்க சார் என்று தகப்பன்மார் வாத்தியாரிடம் சொன்ன காலம் ரொம்பத் தொலைவில் இல்லை. மாட்டுக்கும் பிள்ளைக்கும் நாம் ஒரே பிரம்பைத்தான் வைத்திருந்தோம் என்பதைப் பழமொழி மறைக்காமல் ஒப்புக்கொள்கிறது. மாட்டோடு வாழ்ந்தவர்களைக் கேட்டால் வேறு கதை சொல்வார்கள். அடிபட்டுப் பழகிய மாடு கையைத் தூக்கினாலே மிரளும். நுகத்தடிக்குப் பக்கத்தில் வரவே அஞ்சும். நல்ல ஏர்க்காரரின் குரலுக்கே மாடு திரும்பும். மாட்டைப் பற்றியே பொய்யான ஒன்றை, பிள்ளைகள் மேல் மெய்யென்று ஏற்றிவிட்டோம்.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தன் 17ஆம் பிரிவில், பள்ளியில் பிள்ளையை அடிப்பதையும் மனத்தை வதைப்பதையும் தடுத்துவிட்டது. வீட்டுக்குள்ளே காவல் நிற்க வேண்டியது நம் மனம்தான். கை உயரும் அந்தக் கணத்தைக் கவனித்துப் பாருங்கள். பிள்ளையின் குற்றம் அங்கே சிறியது. நாளெல்லாம் சேர்ந்த சலிப்பு, அலுவலகத்தில் விழுங்கிய ஒரு சொல், நடக்காமல் போன ஓர் ஆசை, இவை எல்லாம் இறங்க இடம் தேடுகின்றன. திருப்பி அடிக்க முடியாத இடமாகப் பார்த்து இறங்குகின்றன. வீட்டில் அப்படி இரண்டே இடங்கள் உண்டு. ஒன்று குழந்தை, இன்னொன்று வாயில்லாப் பிராணி. கோபத்துக்குக் கண் உண்டு. அது மேலாளரை அடிப்பதில்லை. இதைப் பார்த்துவிட்டால் பாதி அடங்கிவிடுகிறது. மீதிப் பாதிக்கு ஒரு நீண்ட மூச்சு போதும். அமைதி எங்கோ மலைக்குகையில் இல்லை; உயர்ந்த கைக்கும் இறங்கும் கைக்கும் நடுவே இருக்கிறது. அங்கே ஒரு முறை நின்றவர்களுக்கு மறுமுறை நிற்பது எளிதாகிறது.

ஆசையைப் பற்றியும் கொஞ்சம் பேச வேண்டும். திருவிழாக் கடைத்தெருவில், பள்ளிக்கூட வாசலில், ரோஜா நிறத்திலும் பச்சையிலும் சாயம் பூசிய கோழிக்குஞ்சுகளை அட்டைப்பெட்டியில் வைத்து விற்பதைப் பார்த்திருப்போம். குழந்தை நிற்கும், அழும், நாம் வாங்கிக் கொடுப்போம். அதிகம் இல்லையே, சில ரூபாய்தானே. தாயின் சூடின்றி, சாயத்தோடு, கைமாறிக் கைமாறி அந்தக் குஞ்சு பெரும்பாலும் சில நாட்களில் செத்துப்போகும். குழந்தை அழும்போது வேறொன்று வாங்கலாம் என்று தேற்றுவோம். இந்தத் தேற்றலில்தான் எனக்கு மனம் உறுத்துகிறது. இறந்துபோன ஒன்றின் இடத்தில் வேறொன்று வைத்தால் சரியாகிவிடும் என்று, அழத் தெரிந்த ஒரு மனத்துக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். அந்த அழுகை எவ்வளவு மெய்யானது! அதை அடக்காமல், கூடவே உட்கார்ந்து, மண்ணில் ஒரு சிறு குழி தோண்டி, போயிட்டுதே பாவம் என்று நாமும் சொன்னால், குழந்தையின் உள்ளே ஏதோ ஒன்று காப்பாற்றப்படுகிறது.

வேண்டும் என்பது வேறு. பிரியம் என்பது வேறு. வேண்டும் என்பது கையில் வந்ததும் தீர்ந்துபோகும். பிரியம் கையில் வந்த பிறகுதான் தொடங்கும். 1693இல் எழுதிய கல்வி நூலில் ஜான் லாக் தமக்குத் தெரிந்த ஒரு தாயைப் பற்றிச் சொல்கிறார். மகள்கள் நாயோ, அணிலோ, பறவையோ கேட்டால் மறுக்கமாட்டாளாம். ஆனால் வந்த பிறகு அதற்கு எந்தக் குறையும் வராமல் அவர்களே பார்த்துக்கொள்ள வேண்டும். தவறினால் அது பெருங்குற்றம். மறுக்காமல் கொடுத்ததைவிட, விடாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னதில்தான் அந்தத் தாய் மகள்களுக்கு அதிகம் கொடுத்தாள்.

அச்சத்தையும் ஒதுக்கிவிட முடியாது. தெருநாய் கடித்த குழந்தையின் பெற்றோரிடம் போய் ஜீவகாருண்யம் பேசினால் அவர்களுக்கு எரிச்சல்தான் வரும், வருவது நியாயம். வெறிநோய் இருப்பதாகச் சந்தேகிக்கப்படும் விலங்குகளிடம் கடிபடுபவர்களில் நூற்றுக்கு நாற்பது பேர் 15 வயதுக்கு உட்பட்டவர்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பிள்ளையின் பாதுகாப்பும் நாயின் உயிரும் எதிரெதிரே நிற்பதாக இங்கே தோன்றுகிறது. ஆனால் ஓர் ஊரின் நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்குத் தடுப்பூசி போட்டுவிட்டால் வெறிநோய்ச் சங்கிலி அறுந்துவிடும் என்று சொல்வதும் அதே நிறுவனம்தான். அடித்துக் கொல்வதில் அடையாத பாதுகாப்பு, பிடித்து ஊசி போட்டு விடுவதில் கிடைக்கிறது. கடிபட்டால் சோப்பும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, தாமதிக்காமல் ஊசிக்குப் போக வேண்டும். சாப்பிடும் நாயை, குட்டி போட்ட நாயை, தூங்கும் நாயைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று பிள்ளைக்குச் சொல்லி வைக்க வேண்டும். இது எச்சரிக்கை மட்டும் அல்ல. இன்னோர் உயிருக்கும் தனக்கென்று ஒரு வேளை உண்டு, ஓர் இடம் உண்டு என்ற மரியாதையும் இதில் இருக்கிறது. அதே மரியாதை தனக்கும் உண்டு, தன்னைத் தொட வேண்டாம் என்று தானும் சொல்லலாம் என்பதைப் பிள்ளை அதிலிருந்தே அறிந்துகொள்கிறது.

திருவாரூர்த் தேர்க்கதையைக் கேட்கும் பிள்ளைகளைக் கவனித்திருக்கிறீர்களா? கன்றை இழந்த பசு மணியை அடித்ததும், சோழன் தன் மகனைத் தேர்க்காலில் இட்டதும் பெரியவர்களுக்குப் பெருமையாக இருக்கும். பிள்ளைகளின் முகமோ வாடிப்போகும். கன்றும் இளவரசனும் உயிர்பெற்று எழும் இடத்தில்தான் அவர்கள் மூச்சு விடுவார்கள். ஒன்றுக்கு ஈடாக இன்னொன்று என்ற கணக்கு அவர்களுக்கு ஆகாது. இரண்டும் எழ வேண்டும்.

சென்னை அடையாற்றில் வாழ்ந்த ஒருவருக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது. கலாக்ஷேத்ராவின் ருக்மிணி தேவியை நடனத்துக்காக எல்லாரும் அறிவோம். மாநிலங்களவையில் இருந்தபோது விலங்குகள் மீதான கொடுமையைத் தடுக்க அவர் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அரசே ஒரு சட்டம் கொண்டுவரும் என்று நேரு வாக்களித்ததால் அதைத் திரும்பப் பெற்றார். 1960இல் அந்தச் சட்டம் வந்தது. அதன்படி 1962இல் அமைந்த விலங்கு நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவர். இதே ருக்மிணி தேவியும் கணவர் அருண்டேலும்தான் 1939இல் மரியா மாண்டிசோரியை அடையாற்றுக்கு அழைத்து, ஆசிரியர்களுக்குப் பயிற்சி நடக்க வழி செய்தவர்கள். விலங்குக்கு ஒரு வாழ்க்கை, குழந்தைக்கு ஒரு வாழ்க்கை என்று அவர் இரண்டு வாழ்ந்ததாகத் தோன்றவில்லை.

செடியையும் பிராணியையும் பராமரிக்கும் வேலையை மாண்டிசோரி பள்ளிக்குள் கொண்டுவந்தார். தன்னை நம்பி ஓர் உயிர் இருக்கிறது, நீர் வைக்காவிட்டால் அது வாடும் என்று தெரிந்த பிள்ளைக்கு, யாரும் சொல்லாமலே முன்யோசனை வருகிறது. பொறுமை வருகிறது என்றார். நியூயார்க்கில் போரிஸ் லெவின்சன் என்ற குழந்தை உளவியலாளர் இன்னொன்றைக் கண்டார். பேசாமல் ஒடுங்கிப்போயிருந்த ஒரு சிறுவன் ஒரு நாள் குறித்த நேரத்துக்கு முன்பே வந்துவிட்டான். அறையிலிருந்த ஜிங்கிள்ஸ் என்ற அவருடைய நாய் ஓடிவந்து அவனை நக்கியது. சிறுவன் அதைக் கட்டிக்கொண்டான். அதற்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அவருடனும் பேசத் தொடங்கினான். 1960களின் தொடக்கத்தில் அவர் இதை எழுதியபோது சக மருத்துவர்களில் சிலர் கேலி செய்தார்கள். நாய் அவனிடம் எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. ஏன் பேசவில்லை, என்ன குறை என்று எதுவும் கேட்கவில்லை. தன்னை அளந்து பார்க்காத ஒன்றின் பக்கத்தில் இருப்பது எப்படி இருக்கும் என்று, அந்தப் பிள்ளைக்கு அன்றுதான் தெரிந்திருக்கிறது. நம் பக்கத்தில் உட்காரும்போது நம் பிள்ளைகளுக்கு அப்படி இருக்கிறதா என்று நம்மையே கேட்டுக்கொள்ளலாம்.

கோடை வரும்போது வீட்டு வாசலிலோ மாடியிலோ நிழல் பார்த்து ஒரு மண்சட்டி வையுங்கள். அகலமாக, ஆழம் குறைவாக இருக்கட்டும்; குருவியும் இறங்கலாம், நாயும் குடிக்கலாம். தினமும் பழைய நீரைக் கொட்டி, கழுவி, புதிதாக ஊற்றும் வேலை பிள்ளையுடையதாக இருக்கட்டும். புகைப்படம் எடுக்க வேண்டாம். எவ்வளவு நல்ல பிள்ளை என்று பாராட்டவும் வேண்டாம். காகம் வந்து குடிப்பதைப் பிள்ளையே பார்த்துக்கொள்ளும். சில நாள் மறந்துபோகும். அப்போது கடிந்துகொள்ளாமல், நாமே எழுந்துபோய் ஊற்றிவிட்டு வருவோம். சட்டி காய்ந்திருந்ததே என்று பிள்ளை கேட்டால், ஆமாம், ஊற்றிவிட்டேன் என்று மட்டும் சொல்வோம்.